இந்து நண்பரிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்: வேறுபாடு உண்மையில் எங்கே இருக்கிறது?

இந்து சமயம் என்றால் என்ன என்று வரையறுக்க முயன்று உச்ச நீதிமன்றமே திணறியிருக்கிறது. அகமதாபாத்தைச் சேர்ந்த, சுவாமிநாராயண் வழியைப் பின்பற்றும் சத்சங்கிகள், தாங்கள் இந்துக்கள் அல்ல, ஆகவே தாழ்த்தப்பட்டோருக்கான ஆலய நுழைவுச் சட்டம் தங்கள் கோயில்களுக்குப் பொருந்தாது என்று வழக்காடினார்கள். 1966-ல் தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர், இதற்கு ஒரே தீர்க்கதரிசி இல்லை, ஒரே கடவுள் இல்லை, ஒரே தத்துவம் இல்லை, ஒரே சடங்குமுறையும் இல்லை என்று அடுக்கிவிட்டு, அப்படியிருந்தும் சத்சங்கிகள் இந்துக்களே என்று முடித்தார். 1955-ம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் வேறு வழியைப் பிடித்தது. பௌத்தர், சமணர், சீக்கியர் எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத மற்றவர்களுக்கும் பொதுவாக இது பொருந்தும் என்றது.

நீதிபதிகளுக்கே இந்தப் பாடு. ஆனால் நம் சபைகளில் இரண்டே வாக்கியத்தில் வேலை முடிந்துவிடுகிறது: "அவர்களுக்குப் பல தெய்வங்கள், நமக்கு ஒரே தேவன். அவர்களுக்குக் கிரியை, நமக்குக் கிருபை." இந்த இரண்டுமே முழு உண்மை இல்லை. இதை நம்பி ஒருவர் தன் இந்து நண்பரிடம் பேசப் போனால், நண்பர் நம்பாத ஒன்றை மறுத்துவிட்டு, அவர் ஏற்கெனவே அறிந்த ஒன்றைப் புதுச் செய்தியாகச் சொல்லிவிட்டுத் திரும்புவார். உண்மையான வேறுபாடுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. அவை எங்கே என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் எந்தத் தளத்தில் நிற்கிறார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் சுமார் 87.6 சதவீதம், கிறிஸ்தவர்கள் சுமார் 6.1 சதவீதம். அந்த 87.6-க்குள் இருப்பவர்கள் ஒரே விசுவாச அறிக்கையைச் சொல்பவர்கள் அல்ல. கிறிஸ்தவத்தில் ஒருவர் உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்பதை முடிவு செய்வது அவர் எதை விசுவாசிக்கிறார் என்பது. இந்துக் குடும்பத்தில் பெரும்பாலும் அதை முடிவு செய்வது பிறப்பும் குடும்ப வழக்கமும். கடவுள் நம்பிக்கையே இல்லாமல் பொங்கலும் தீபாவளியும் கொண்டாடுகிறவரும் தன்னை இந்து என்கிறார். அவரை யாரும் விலக்குவதில்லை.

தமிழ்நாட்டுச் சூழலில் குறைந்தது மூன்று தளங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. தத்துவத் தளம். ஆதி சங்கரரின் அத்வைதம், மெய்ப்பொருள் ஒன்றே, அது பிரம்மம், ஆன்மாவும் முடிவில் அதுவே என்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் விசிஷ்டாத்வைதம், உயிர்களும் உலகமும் மெய்யானவை, அவை இறைவனுக்கு உடல் போன்றவை என்கிறது. மத்வரின் துவைதம், இறைவனும் உயிரும் என்றென்றும் வேறு என்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் வடித்த சைவ சித்தாந்தம், பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) என்ற மூன்றும் தொடக்கமற்றவை என்கிறது. இவர்கள் தங்களுக்குள் போட்ட வாதங்கள் ஐரோப்பிய மிஷனரிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியவை, கடுமையானவையும்கூட.

2. பக்தித் தளம். நாயன்மார்களும் மாணிக்கவாசகரும் ஆழ்வார்களும் பாடிய தேவாரம், திருவாசகம், திவ்யப் பிரபந்தம். தத்துவ நூலைத் திறந்தே பார்க்காத பாட்டிக்கும் இந்தப் பாடல்கள் மனப்பாடமாக இருக்கும்.

3. குலதெய்வத் தளம். மாரியம்மன், அய்யனார், சுடலைமாடன். நேர்த்திக்கடன், தீமிதி, காவடி, கிடா வெட்டு. இங்கே பிறவிச் சுழற்சி, முக்தி என்ற பேச்சு அதிகம் இல்லை. மழை, நோய், பிள்ளைப்பேறு, கண்ணேறு, வயல், வழக்கு: இவைதான் கேள்விகள். தெய்வம் தூரத்தில் இல்லை, ஊர் எல்லையில் இருக்கிறது. கோபிக்கும், காக்கும்.

ஒரே ஆள் மூன்றிலும் நிற்கலாம். வங்கியில் வேலை, அத்வைதச் சொற்பொழிவில் ஆர்வம், பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வக் கோயில்: இதில் அவருக்கு எந்த முரணும் தெரியாது. அதனால் உரையாடலை "இந்து மதம் சொல்கிறது…" என்று தொடங்குவது வீண். அவர் வீட்டில் எது நடக்கிறது, நெருக்கடி வந்தால் அவர் யாரைக் கூப்பிடுகிறார் என்று கேட்பதுதான் தொடக்கம்.

கர்மா என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கர்மா என்பதை விதி என்று சுருக்கிவிடும் வழக்கம் இரு பக்கமும் உண்டு. அது சரியல்ல. செயலுக்குப் பயன் உண்டு, அந்தப் பயன் செய்தவரையே வந்து சேரும், ஒரு பிறவிக்குள் தீராவிட்டால் அடுத்ததில் தொடரும் என்பதே கொள்கை. வினைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். முந்தைய பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்திருப்பது பிராரத்தம். இப்போது புதிதாகச் செய்து சேர்ப்பது ஆகாமியம். ஆக, வந்ததை மாற்ற முடியாது என்றாலும், இனி செய்வது நம் கையில் இருக்கிறது. பொறுப்பைக் கைகழுவும் கொள்கை இல்லை இது. சொல்லப்போனால் பொறுப்பை முழுவதுமாக மனிதன் தலையிலேயே ஏற்றும் கொள்கை.

சைவ சித்தாந்தம் இதில் இன்னொரு படி போகிறது. வினை என்பது அறிவில்லாத சடப்பொருள், அது தானாக வந்து உரியவரை ஒட்டிக்கொள்ளாது, அதை உரியவரிடம் சேர்ப்பிக்க இறைவன் வேண்டும் என்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று: உயிரின் அடிப்படைச் சிக்கலாகச் சித்தாந்தம் வினையைச் சொல்லவில்லை. ஆணவத்தைச் சொல்கிறது. செம்பில் களிம்பு எப்போது ஏறியது என்று கேட்க முடியாததுபோல, உயிரில் ஆணவ மலம் தொடக்கமே இல்லாமல் ஒட்டியிருக்கிறது. வினையாகிய கன்மமும், உலகுக்கு மூலப்பொருளான மாயையும் அதற்குப் பிறகுதான்.

கிறிஸ்தவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. பாவம் என்பது தனித்தனித் தவறுகளின் கூட்டல் அல்ல, மனிதனின் நிலையே கோணலாகிவிட்டது என்று ரோமர் நிருபம் வாதாடுகிறது. மனிதன் தன் முயற்சியால் அதைக் கழுவ முடியாது என்றும் சொல்கிறது. சைவ சித்தாந்தம் படித்த ஒருவருக்கு இது அந்நியமான பேச்சே அல்ல. "நாங்களும் அதைத்தான் சொல்கிறோம்" என்பார். அப்படியானால் வேறுபாடு எங்கே?

படைப்பில் இருக்கிறது. உயிர் படைக்கப்பட்டது அல்ல, இறைவனைப் போலவே அதுவும் அநாதி என்பது சித்தாந்தம். இறைவன் நோயை உண்டாக்கவும் இல்லை, நோயாளியை உண்டாக்கவும் இல்லை. அவன் மருத்துவன். வேதாகமமோ, தேவனைத் தவிர எல்லாமே அவரால் உண்டாக்கப்பட்டவை, நல்லவையாக உண்டாக்கப்பட்டவை, பிறகு கெட்டுப்போனவை என்கிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பல விளைவுகள் கிளைக்கின்றன. நல்ல தேவன் படைத்த உலகில் தீமை ஏன் என்ற கேள்வி கிறிஸ்தவரைக் குடைகிற அளவுக்குச் சைவரைக் குடைவதில்லை. மறுபக்கம், உடலும் மண்ணும் மீட்கப்படும், உயிர்த்தெழுதல் உடலோடு நடக்கும் என்று கிறிஸ்தவர் சொல்வது சைவருக்குப் புரியாத ஆசையாகத் தெரியும். பிறவியே வேண்டாம் என்பவரிடம் திரும்ப ஒரு உடலா? தெய்வங்களின் எண்ணிக்கையைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடுவதைவிட இந்தக் கேள்வியில் பத்து நிமிடம் செலவிடலாம்.

கர்மா பற்றி இன்னொன்று. சிலுவையைப் பற்றிச் சொன்னதும் யோசிக்கிற இந்து கேட்கும் முதல் கேள்வி: "ஒருவன் செய்ததை இன்னொருவன் அனுபவிப்பது எப்படி நியாயம்?" இதைப் பிடிவாதம் என்று தள்ளக் கூடாது. எசேக்கியேல் 18-ஆம் அதிகாரமே, பாவம் செய்கிற ஆத்துமாவே சாகும், தகப்பன் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கிறது. எங்கிருந்தோ ஒரு மூன்றாம் ஆளைப் பிடித்துத் தண்டித்த கதையாகச் சிலுவையைச் சொன்னால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. குற்றத்துக்கு உள்ளானவரே, தீர்ப்பு சொல்ல உரிமை உள்ளவரே, அதன் விலையைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார் என்பதுதான் புதிய ஏற்பாட்டின் செய்தி. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்று 2 கொரிந்தியர் 5-ல் வருவது இதுதான்.

அப்புறம், யோவான் 9. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள், இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் பாவம் செய்தார்களா என்கிறார்கள். இவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்கிறார் இயேசு. ஊனமுற்ற குழந்தையைப் பெற்று, உறவினர்களின் முன்வினைப் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த தாய்க்கு இந்த அதிகாரம் எந்த விளக்கமும் இல்லாமல் புரியும். வாதத்துக்காக இதை எடுக்கக் கூடாது. ஆறுதலாகச் சொல்ல வேண்டியது.

கிருபை நமக்கு மட்டும் சொந்தமா?

இல்லை. இந்த விஷயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு நிறைய பேர் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் சிவபுராணத்தில் பாடுகிறார். இறைவனை வணங்குவதற்கே இறைவனின் அருள் தேவை என்பது இதன் பொருள். கீதை 18:66-ல் கண்ணன், எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னையே சரணடை, நான் உன்னை எல்லாப் பாவங்களிலிருந்தும் விடுவிப்பேன் என்கிறான். ஸ்ரீவைஷ்ணவர்கள் இதைச் சரம சுலோகம் என்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

அந்த வைணவத்துக்குள்ளேயே அருளைப் பற்றி ஒரு பெரிய பிளவு உண்டு. வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார், குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல உயிர் தன் பங்குக்குப் பற்ற வேண்டும் என்பார்கள். பிள்ளை லோகாசாரியர் வழி வந்த தென்கலையார், பூனை தன் குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல எல்லாம் இறைவன் செயல், உயிர் செய்ய ஒன்றுமில்லை என்பார்கள். மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று இதற்குப் பெயர். ஐரோப்பாவில் சீர்திருத்தச் சபைகள் தேவனின் தெரிந்தெடுப்பைப் பற்றியும் மனித சித்தத்தைப் பற்றியும் சண்டையிடுவதற்கு முன்பே காஞ்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஏறக்குறைய இதே கேள்வி அலசப்பட்டிருக்கிறது.

ஆகவே, ஒரு தென்கலை வைணவரிடம் "உங்கள் மதம் கிரியைகளால் இரட்சிப்பு என்கிறது" என்று சொன்னால், பேசுகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிடுவார். முடிவும் நியாயமானதே. கிருபை உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியாக இல்லை. அருள்கிறவர் யார், அந்த அருள் அவருக்கு என்ன செலவு வைத்தது, அது நடந்தது எங்கே: கேள்விகள் இவை.

கடவுள் இறங்கி வருவது

அவதாரம் என்ற கருத்து தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களிலும் புழங்குகிறது. ஆனால் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அது வேறு வேறாகப் போய்ச் சேரும்.

சைவருக்கு இது ஒட்டாது. சிவன் கருவில் தங்கிப் பிறப்பதில்லை என்பது சைவத்தின் உறுதியான நிலை. பிறவா யாக்கைப் பெரியோன் என்று சிலப்பதிகாரமே சிவனைச் சொல்கிறது. சிவன் குருவாக, அடியாராக, பிட்டுக்கு மண் சுமக்கும் கூலியாளாக வருவான். அதுவெல்லாம் கொள்ளும் கோலம். தாய் வயிற்றில் பிறப்பதும் சாவதும் இறைமைக்கு இழுக்கு. முழுமுதற் கடவுள் பெத்லகேமில் பிறந்தார், சிலுவையில் இறந்தார் என்ற செய்தி சைவருக்குத் தரும் அதிர்ச்சி, முதல் நூற்றாண்டு யூதருக்கும் கிரேக்கருக்கும் தந்த அதிர்ச்சிக்கு நெருக்கமானது.

வைணவருக்கோ ஒட்டும், ஆனால் மிக எளிதாக ஒட்டிவிடும். தசாவதாரத்தோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள அவருக்குத் தடையில்லை. இங்கே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது கிறிஸ்தவரின் கடமை.

1. திரும்பத் திரும்பவா, ஒரே முறையா. தர்மம் தாழும்போதெல்லாம் என்னைத் தோற்றுவிக்கிறேன் என்பது கீதை 4:7. ஒரேதரம் தம்மைப் பலியிட்டார் என்பது எபிரெயர் நிருபத்தின் அழுத்தம்.

2. எதற்காக. நல்லோரைக் காக்கவும் தீயோரை அழிக்கவும் தர்மத்தை நிலைநாட்டவும் வருகிறேன் என்பது கீதை 4:8. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்பது ரோமர் 5:8. முன்னதில் தீயவன் அழிகிறான். பின்னதில் தீயவனுக்காக வந்தவர் அழிகிறார். என் பார்வையில் இரு சமயங்களையும் ஒப்பிடும்போது கிடைக்கும் மிகக் கூர்மையான வேறுபாடு இதுதான். இதை எப்படிச் சொன்னாலும் யாரையும் இழிவுபடுத்தத் தேவையில்லை.

3. எப்போது. கிறிஸ்தவ விசுவாச அறிக்கையில் பொந்தியு பிலாத்து என்ற ரோம அதிகாரியின் பெயர் நிற்கிறது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் விசுவாசமே வீண் என்று பவுலே 1 கொரிந்தியர் 15-ல் ஒப்புக்கொள்கிறார். அத்வைதம் பேசுகிற நண்பருக்கு இது விசித்திரமாகப் படும். உண்மை எக்காலத்துக்கும் உரியது, ஒரு நாள் ஓரிடத்தில் நடந்த சம்பவத்தில் அதை எப்படித் தொங்கவிடுவது என்பார். நியாயமான கேள்வி. கிறிஸ்தவத்தின் பலமும் ஆபத்தும் அந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

சிலையைப் பற்றிய பிரசங்கம் ஏன் எடுபடுவதில்லை

ஏசாயா 44-ல் ஒரு மரத்தில் பாதியை அடுப்பெரித்து, மீதியைத் தெய்வமாகச் செதுக்குகிறவனைப் பற்றிய கிண்டல் வருகிறது. இஸ்ரவேலருக்கு இஸ்ரவேல் தீர்க்கதரிசி சொன்னது அது. இதைக் கோயில் வாசலில் ஒலிபெருக்கியில் வாசிப்பவர்கள், ஆகமக் கோயிலில் நடப்பது என்ன என்று அறிவதில்லை. சிற்பி செதுக்கி முடித்த கல்லை யாரும் வணங்குவதில்லை. குடமுழுக்கில் மந்திரங்களோடு இறைவனை அதில் எழுந்தருளச் செய்த பிறகே வழிபாடு. பொதுவாக 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி நடக்கும்போது அந்த ஆற்றலைக் கும்பத்துக்கு மாற்றிவிட்டு வேலை செய்கிறார்கள். ஸ்ரீவைஷ்ணவத்தில் இது அர்ச்சாவதாரம்: எட்டாத இறைவன் அடியவனுக்காகத் தன்னை எளியவனாக்கிக்கொண்டு உருவத்தில் தங்குவது. "நீங்கள் கல்லைக் கும்பிடுகிறீர்கள்" என்பது அவர்கள் செய்வதை வருணிக்கவே இல்லை. பிறகு அது எப்படிக் கண்டனமாகும்?

வேதாகமம் உருவ வழிபாட்டைத் தடுக்கிறது, அதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அப்போஸ்தலர் 17-ஐப் பாருங்கள். ஏதென்ஸ் நகரம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு பவுலின் ஆவி வைராக்கியமடைந்தது. வாய் திறந்தபோதோ, "அறியப்படாத தேவனுக்கு" என்று எழுதிய பலிபீடத்திலிருந்து தொடங்கி, அவர்களுடைய புலவரின் வரியையே மேற்கோள் காட்டினார். எபேசுவில் கலவரம் மூண்டபோது நகரச் செயலரே, இந்த மனிதர்கள் கோயிலைக் கொள்ளையடிக்கவும் இல்லை, உங்கள் தேவியைத் தூஷிக்கவும் இல்லை என்று சாட்சி சொன்னார். அப்போஸ்தலர் 19:37. அந்த ஊரில் பவுல் நெடுநாள் ஊழியம் செய்த பிறகு எதிர்ப்பக்கத்து அதிகாரி கொடுத்த சான்றிதழ் இது. இன்றைய யூடியூப் பிரசங்கிகளில் எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

இதன் மறுகோடியும் உண்டு: வேதங்களில் இயேசு முன்னறிவிக்கப்பட்டிருக்கிறார் என்று சமஸ்கிருத வரிகளை அள்ளி விடும் கைப்பிரதிகள். அவற்றில் பல வரிகள் மூல நூலில் இல்லாதவை, அல்லது சூழலிலிருந்து வெட்டியவை. ரிக் வேதம் 10:90, புருஷ சூக்தம், அதிகம் அடிபடும் உதாரணம். ஆதி புருஷன் பலியிடப்பட்டான் என்று அது சொல்வது உண்மை. அந்தப் பலியிலிருந்து உலகம் தோன்றியது என்பதுதான் அதன் பேச்சு, பாவநிவாரணம் அல்ல. அதே பாடலில்தான் புருஷனின் வாய், கை, தொடை, பாதங்களோடு நான்கு வருணங்களும் பிணைக்கப்படுகின்றன. இதைக் கிறிஸ்துவின் நிழல் என்று ஒரு தலித் குடியிருப்பில் நின்று பிரசங்கித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

"எல்லாம் ஒன்றுதான்" என்ற பதில்

மெய்ப்பொருள் ஒன்றே, அறிஞர் அதைப் பலவாறு அழைக்கின்றனர் என்ற ரிக் வேத வரி (1.164.46) இன்று பெரும்பாலான படித்த இந்துக்களின் நிலைப்பாடு. ராமகிருஷ்ணரும், 1893-ல் சிகாகோ மேடையில் விவேகானந்தரும் இதற்குப் புது வலிமை கொடுத்தார்கள். கீதை 9:23 பிற தெய்வங்களை வணங்குவோரும் என்னையே வணங்குகிறார்கள் என்கிறது. ஆகவே இயேசுவைப் பற்றிச் சொன்னால் மறுப்பு வராது. மகிழ்ச்சியாக ஏற்பு வரும். வேளாங்கண்ணிக்கு நடந்துபோய் மொட்டை அடித்து வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். பூஜை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் இயேசு படம் வைப்பது அவர்களுக்கு மரியாதை, துரோகம் அல்ல.

இந்தப் பின்னணியில் "நானே வழி" என்ற யோவான் 14:6 ஒரு சத்திய அறிவிப்பாகக் காதில் விழுவதில்லை. பண்பாடற்ற அகந்தையாக விழுகிறது. இதைச் சமாளிக்கச் சிலர் அந்த வசனத்தையே பேசாமல் விடுகிறார்கள். அது பின்னால் நம்பிக்கைத் துரோகமாக முடியும். "எல்லாம் ஒன்று" என்பதும் ஒரு கொள்கையே, மற்ற எல்லாக் கொள்கைகளுக்கும் மேலே தன்னை உட்கார்த்திக்கொள்ளும் கொள்கை என்பதைப் பொறுமையாகக் காட்டலாம். மெய்கண்டார் வழியினரும் ராமானுஜர் வழியினரும் எல்லாம் ஒன்று என்று விட்டுவிடவில்லை, அத்வைதத்தை வரிக்கு வரி மறுத்தார்கள். விலக்கிச் சொல்வது கிறிஸ்தவம் கொண்டுவந்த பழக்கம் இல்லை.

முன்பு முயன்றவர்கள்

1606-ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டி நொபிலி, தான் பரங்கி அல்ல என்று அறிவித்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். சக குருமார்களே புகார் செய்தார்கள். 1623-ல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அவர் முறைக்குப் பெருமளவு அனுமதி கொடுத்தார். ஆனால் பிராமண வாழ்க்கைமுறையை ஏற்றவர் அதோடு சாதிப் பிரிவையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வேறு வகை. ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார், ஊராரைக் கேட்டுக் கேட்டுத் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் விரிவாக ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்து மிஷனை ஆதரித்து நடத்திய பிரான்கே, புறமத மூடத்தனத்தை ஒழிக்கத்தானே அனுப்பினோம், ஐரோப்பாவில் பரப்பவா என்ற தொனியில் அதை அச்சேற்ற மறுத்தார். நூல் சென்னையில் அச்சானது 1867-ல். ஒன்றரை நூற்றாண்டுத் தாமதம். அனுப்பியவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும், களத்தில் இருப்பவருக்குப் புரிதல் வேண்டும் என்ற இழுபறி இன்றைய மிஷன் அறிக்கைகளிலும் தெரிகிறது.

உள்ளிருந்து வந்தவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. நெல்லை வைணவக் குடும்பம், கம்பனில் ஊறிய புலமை, 1858-ல் ஞானஸ்நானம். 1894-ல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைக் கம்பன் நடையில் சொல்கிறது. ஆழ்வார்களிடம் கற்ற உருக்கத்தை அவர் தூக்கி எறியவில்லை, யாரை நோக்கி உருகுவது என்பதை மட்டும் மாற்றினார்.

மதமாற்றம் என்றால் குடும்பம் எதை இழக்கிறது

கிறிஸ்தவர் பார்வையில் ஒருவர் இயேசுவை ஏற்றுக்கொள்வது தனிமனித முடிவு. இந்துப் பெற்றோர் பார்வையில் அது தங்கள் சாவுக்குப் பிறகு நடக்க வேண்டியதை ரத்து செய்யும் முடிவு. கொள்ளி வைப்பது யார், திதி கொடுப்பது யார், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பது யார்? கொள்கை வாதத்தில் தோற்காத அப்பா இந்தக் கேள்வியில் உடைந்துபோகிறார். இதற்குத் தயாரில்லாமல் ஒரு இளைஞனை ஞானஸ்நானத்துக்கு அவசரப்படுத்துவது அவனுக்கும் அநியாயம், வீட்டுக்கும் அநியாயம். கிறிஸ்துவை மட்டுமே வணங்கிக்கொண்டு, சபைப் பதிவேட்டில் பெயரில்லாமல் வாழ்கிறவர்கள் தமிழ்நாட்டில் இருப்பது இதனால்தான்.

சாதியும் இங்கேதான் வருகிறது. "சபைக்கு வந்தால் சாதி இல்லை" என்று சொல்லும்போது எதிரே இருப்பவருக்குத் தனிக் கல்லறைகளும் சாதிவாரித் திருமண விளம்பரங்களும் தெரியும். 1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு கூடாது என்று ஆணையிட்டபோது தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியாரும் எதிர்த்தவர்களில் ஒருவர்.

சட்ட விளைவுகளைச் சுருக்கமாக:

1. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்றது.

2. ஒடிசாவின் 1967 மதமாற்றத் தடைச் சட்டம் "பலவந்தம்" என்பதில் தெய்வ கோபத்தைக் காட்டி மிரட்டுவதையும் சேர்த்தது. உத்தரப் பிரதேசத்தின் 2021 சட்டப்படி மதம் மாறுகிறவர் 60 நாள் முன்பே மாவட்ட மாஜிஸ்ட்ரேட்டிடம் அறிவிக்க வேண்டும். தமிழ்நாடு 2002-ல் ஒரு தடைச் சட்டம் கொண்டுவந்து, 2004-ல் பின்வாங்கிவிட்டது.

3. 1950-ம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி பொதுவாக இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள்.

4. இந்துத் திருமணச் சட்டத்தில் வாழ்க்கைத் துணை மதம் மாறுவது விவாகரத்துக்கு ஒரு காரணம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மாறியவருக்கு அதன்பின் பிறக்கும் பிள்ளைகளும் அவர்கள் சந்ததியும், வாரிசுரிமை திறக்கும் நேரத்தில் இந்துவாக இல்லாவிட்டால், இந்து உறவினர் சொத்தில் பங்கு பெற முடியாது.

இவற்றை ஞானஸ்நானத்துக்கு முன்பே எடுத்துச் சொல்வதைச் சில ஊழியர்கள் அவிசுவாசம் என்கிறார்கள். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-ல் கேட்டவர் இயேசு.

பேச்சு எப்படிப் போகலாம்

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகு என்ன செய்வது?

முதலில் கேட்பது. அவர் வீட்டு வழிபாட்டைப் பற்றி, பிடித்த பாடலைப் பற்றி, எதற்குப் பயம், எதற்கு நன்றி என்று. பதில் வந்ததும் அதை மறுக்கக் காத்திருக்காமல் கேட்பது. அவர் கொள்கையை அவரே ஒப்புக்கொள்ளும்படி நம்மால் திருப்பிச் சொல்ல முடிகிறதா என்று பார்க்கலாம். முடியாவிட்டால் இன்னும் பேச வேளை வரவில்லை.

பிறகு சுவிசேஷ நூலையே வாசிக்கக் கொடுப்பது. பிரசங்கத் தொகுப்போ சாட்சிப் புத்தகமோ வேண்டாம். மாற்கு போதும், ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். கேள்விகள் அதிலிருந்து அவருடையதாகவே எழும். "மறுபடியும் பிறக்க வேண்டும்" போன்ற பேச்சை அவரிடம் எடுத்தவுடன் வைக்காமல் இருப்பது நல்லது. பிறவி அறுக்க விரும்புகிறவரிடம் இன்னொரு பிறவியை வாக்குப்பண்ணுவதாகத்தான் அது கேட்கும்.

ஜெபிக்கலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டு ஜெபிக்கலாம். பெரும்பாலான இந்து வீடுகளில் மறுக்கமாட்டார்கள். ஆனால் நோயாளியின் படுக்கையருகே நின்று, சுகமாக வேண்டுமானால் படங்களை எடுத்துவிடுங்கள் என்று நிபந்தனை வைப்பது பேரம், ஜெபம் அல்ல. சுகம் கிடைக்காத வீட்டில் அதற்குப் பிறகு ஒரு கிறிஸ்தவரும் நுழைய முடியாது.

கடைசியில் அவர் "வேண்டாம்" என்று சொன்னால்? அடுத்த வாரம் அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடிகிற அளவுக்கு நட்பு மிச்சமிருக்க வேண்டும். படைத்த உணவைப் பற்றிய கேள்வி வந்தால் 1 கொரிந்தியர் 10-ஐ முன்பே வாசித்துவிட்டுப் போவது உத்தமம். எதிரே வைத்ததை மனச்சாட்சிக்காக விசாரிக்காமல் சாப்பிடச் சொல்லும் பவுல், இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் சொன்னவரின் மனச்சாட்சிக்காக விட்டுவிடச் சொல்கிறார். இரண்டு பகுதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.